கம்ப்ரஷன் முதலில், கார்புரேட்டர் கடைசியில்

வேலூர்ப் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் எதுவாக இருந்தாலும் சரி, ஐட்லிங் நிற்கவில்லை, மிஸ் அடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர்தான். அதற்குக் காரணம் உண்டு. அது இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது. இரண்டு நட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். பெட்ரோலில் கழுவி, காற்றடித்து மாட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் சத்தம் மாறும்; சத்தம் மாறினால் வண்டிக்காரருக்கும் ஏதோ சரியாகிவிட்டது போலத் தோன்றும். பத்து நாளில் அதே கோளாறு திரும்பி வந்து நிற்கும். "கார்ப்ரேட்டர் தேஞ்சிடுச்சுண்ணா, புதுசு போட்டுக்கலாம்" என்பார்கள். புதுசு போட்ட பிறகும் வண்டி அப்படியேதான் ஓடும்.

கார்புரேட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் மேலேறி நெருக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து பார்க்காமல் கார்புரேட்டரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்கிறேன். இரட்டை கார்புரேட்டர் உள்ள வண்டியில் இது இன்னும் முக்கியம். அங்கே இரண்டையும் சமப்படுத்துவது, பட்டறை மொழியில் 'சின்க்' பண்ணுவது, கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதையே முதல் வேலையாகச் செய்யும்போது உண்மையான நோய் மறைந்துபோகிறது. எப்படி மறைகிறது என்று புரிய, கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்புரேட்டருக்குச் சொந்த பலம் கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் காற்று உள்ளே பாய்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறும்போது அடியிலிருக்கும் கிராங்க் கேஸ் என்ற அறையில் அதே காரியம் நடக்கிறது. பாய்கிற காற்று கார்புரேட்டரின் குறுகலான கழுத்தைக் கடக்கையில் வேகம் கூடி, அங்கே அழுத்தம் மேலும் இறங்குகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால், பெட்ரோல் ஜெட் என்ற சின்ன பித்தளைத் துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஆக, இழுப்பது சிலிண்டர். அந்த இழுப்புக்குத் தக்கபடி அளந்து கொடுப்பது மட்டுமே கார்புரேட்டரின் வேலை.

பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தாலோ வால்வு சரியாக உட்காராமல் இருந்தாலோ இழுப்பு குறையும். உள்ளே போன கலவையும் அழுத்தப்படும்போது கசிந்து போகும். பிளக் தீப்பொறி அடிக்கும் நேரத்தில் போதுமான அழுத்தம் இல்லாததால் எரிவது மந்தமாகும். ஐட்லிங் ஆடும், பிக்கப் இருக்காது, பிளக் கறுக்கும். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிகள்தான். வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இத்தனை குழப்பம்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

நம் ஊர்களில் இரட்டை கார்புரேட்டர் என்றதும் முதலில் வருவது ராஜ்தூத் 350, அதாவது யமஹா ஆர்டி 350. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983ல் இதை இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது. இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர், தனி ரீட் வால்வு (உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் தகடு), தனி ஹெட். அதில் ஹெச்டி (ஹை டார்க்), எல்டி (லோ டார்க்) என்று இரண்டு ரகம். முன்னது சுமார் 30 குதிரைத் திறன், பின்னது 27. தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகியும் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் சின்க் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

எஸ்டி ரோட்கிங்கில் இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து அதை இரட்டை சிலிண்டர் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அது ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். அதற்கு சின்க் என்ற பேச்சே கிடையாது. புல்லட், ஆர்எக்ஸ் 100, சிடி 100 எல்லாமே அப்படித்தான். ஆனால் கம்ப்ரஷன் பற்றிய பகுதி இவை அத்தனைக்கும் பொருந்தும்.

நம் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காடு 1989ல் இரண்டாகப் பிரிந்தது. 2019ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. எல்லைகள் மாறினாலும் வண்டிக்குள் போகிற புழுதி மாறவில்லை. வறண்ட பாலாற்று மணல், கல் குவாரி லாரிகள் கிளப்பும் பொடி, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் எல்லாம் சேர்ந்துதான் இங்கே இன்ஜின் தேய்கிறது. அதிலும் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் இளைஞர்கள் சத்தம் நன்றாக வரும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வடிகட்டாத கற்பொடி ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் போய் எமரித் தாள் மாதிரி தேய்க்கும். ஃபில்டர் தரும் தடை போய்விடுவதால் காற்று கூடுதலாகவும் பெட்ரோல் குறைவாகவும் போய் இன்ஜின் சூடேறும். அப்படி ஓட்டிய வண்டி கம்ப்ரஷன் இழந்து நிற்கும்போது, மறுபடியும் பழி கார்புரேட்டர் மேல்தான் விழுகிறது.

கம்ப்ரஷனை அளப்பது

கருவி ஏதும் இல்லாமல் காலாலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தில் நிறுத்தி, அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைத் தொடாமல் உடம்பு எடையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜின் சில நொடிகள் தாங்கிப் பிடித்து, பிறகு மெல்ல இறங்கும். உடனே தொளதொளவென்று கீழே போனால் எங்கேயோ கசிகிறது. இது சோதனைதான், அளவு இல்லை. அளவு வேண்டுமென்றால் பிளக் ஓட்டையில் மாட்டும் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும்.

கேஜ் வைத்துப் பார்க்கும்போது பலர் செய்யாமல் விடுவது த்ராட்டிலை முழுவதும் திறப்பது. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது. காற்று போகாமல் அழுத்தம் எங்கிருந்து வரும்? இன்ஜின் ஓட்டிச் சூடாக்கியிருக்க வேண்டும். சோக் மூடாமல் இருக்க வேண்டும். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் மாட்டி ஹெட்டில் படும்படி வையுங்கள். இல்லையென்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கெட்டுப்போகும். பிறகு த்ராட்டிலை முறுக்கிப் பிடித்து, கேஜின் முள் மேலே ஏறுவது நிற்கும் வரை, ஐந்தாறு முறை, பலமாக கிக் அடிக்க வேண்டும். முதல் கிக்கில் எவ்வளவு ஏறியது, கடைசியில் எங்கே நின்றது என்று இரண்டையும் பாருங்கள். முதலில் கொஞ்சமாக ஏறி, அடுத்தடுத்த கிக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் ரிங். முதல் கிக்கிலேயே குறைவாக ஏறி அங்கேயே நின்றுவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும்.

கேஜ் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றை வெளியே விடாமல் பிடிக்கும் சின்ன வால்வு, ஹோஸின் பிளக் முனையில் இருக்க வேண்டும். மலிவான கேஜ்களில் அது மீட்டர் பக்கத்தில் இருக்கும். அப்போது அந்த நீள ஹோஸுக்குள் இருக்கிற இடமும் சிலிண்டரின் இடத்தோடு சேர்ந்துவிடும். காருக்கு அது பெரிதாகத் தெரியாது. நூறு சிசி வண்டியில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சுகிற இடமே மிகச் சிறியது. அதனோடு ஹோஸின் இடமும் சேர்ந்தால் முள் கணிசமாகக் குறைத்துக் காட்டும். நல்ல ஆர்எக்ஸ் 100 இன்ஜினைக் கூட இப்படிப்பட்ட கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு 'போர் பண்ணணும்' (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கணும்) என்று சொல்லிவிட முடியும். அதனால் ஒரே கேஜில், ஒரே முறையில் எடுத்த அளவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

எத்தனை பிஎஸ்ஐ வர வேண்டும் என்ற கேள்விக்கு எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. பழைய புல்லட் 350ல் கம்ப்ரஷன் விகிதம் 5.5க்கு 1 மட்டுமே. அதே வண்டியின் 500 சிசியில் 6.5. சிடி 100 போன்ற சின்ன ஹோண்டா இன்ஜின்களில் அது ஒன்பதை ஒட்டி இருக்கும். அதனால் புல்லட்டில் 100 பிஎஸ்ஐ வந்தால் சந்தோஷப்படலாம்; சிடி 100ல் அதே 100 வந்தால் இன்ஜின் களைத்துவிட்டது என்று அர்த்தம். சில கேஜ்களில் கிலோ கணக்கு இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது சுமார் 14.2 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணே எண்.

இரட்டை சிலிண்டரில் அந்த எண்ணைவிட முக்கியம் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். இடது 125, வலது 120 என்றால் கவலையில்லை. பத்து சதவீதத்தைத் தாண்டினால் சின்க் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஏன் நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். ஒரு மாடு நோயில் இருக்கும்போது, நுகத்தடியைச் சரித்துக் கட்டி வண்டியை நேராக ஓட்டிவிட முடியும். மாட்டின் நோய் போகாது. பலவீனமான சிலிண்டரின் ஸ்லைடைக் கொஞ்சம் உயர்த்தி, நல்ல சிலிண்டரைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஐட்லிங் அழகாக நிற்கும். ஆனால் கொஞ்சம் முறுக்கியதும் இரண்டு ஸ்லைடும் வேறு வேறு உயரத்தில் திறந்து, ஒன்று அதிகக் காற்றும் மற்றது குறைந்த காற்றும் வாங்கும். டூ ஸ்ட்ரோக்கில் இது வெறும் இழுவைக் குறையோடு நிற்காது. ஒரு பக்கம் கூடுதல் சுமை ஏறிச் சூடாகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை போகலாம்.

குறைவாக வந்தால் எங்கே தேடுவது

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடுத்த சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜினைச் சில முறை சுற்றிவிட்டு மறுபடி அளப்பது. ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் முள் நன்றாக ஏறினால் ரிங், சிலிண்டர் தேய்வு. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். டூ ஸ்ட்ரோக்குக்கு இந்தச் சோதனை அவ்வளவு உதவாது. அங்கே இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இல்லை, எப்போதும் ஆயில் கலந்துதான் ஓடுகிறது.

காற்று கம்ப்ரஸர் இருக்கும் பட்டறை என்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய பிளக்கின் உடம்பில் காற்றுக் குழாய் பொருத்தி, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது காற்றை உள்ளே விட வேண்டும். கியரில் போட்டு பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் இன்ஜின் சுற்றிவிடும். பிறகு காதை வைத்துக் கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சோப்புத் தண்ணீர் தடவிய ஹெட் ஓரத்தில் குமிழ் வந்தால் கேஸ்கெட். இன்ஜினைத் திறக்காமலேயே நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. நம் பட்டறைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். செலவு ஒரு பழைய பிளக்கும் ஒரு வெல்டிங்கும்தான்.

வேலூர் வெயிலில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, மதியம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கி நின்றால் அணைந்துவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால்தான் மறுபடி எடுக்கும். இதையும் கார்புரேட்டர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாவது ஒரு காரணமாக இருக்கலாம். சூட்டில் இக்னிஷனின் கண்டென்சர், காயில் தளர்வது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை யாரும் பார்ப்பதில்லை: வால்வை இயக்கும் டேப்பட்டை இறுக்கமாக வைத்திருப்பது. சூடேறும்போது வால்வு தண்டு நீளும். இடைவெளி இல்லாமல் வைத்திருந்தால் வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், ஆறியதும் திரும்பி வரும். டேப்பட் சத்தம் கேட்கக் கூடாது என்று ஆசைப்பட்டு இறுக்கி வைத்தவர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் எரிந்து போவது இதனால்தான். பழைய புல்லட்டில் இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்தச் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷனை ஒரு முறை ஆறிய நிலையிலும், கோளாறு வந்த அந்தச் சூட்டிலேயே ஒரு முறையும் அளந்து பாருங்கள். சூட்டில் மட்டும் சரிந்தால் வால்வைத் தேடுங்கள், கார்புரேட்டரை விட்டுவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக்குக்கு இரண்டு கம்ப்ரஷன் உண்டு. பிஸ்டனுக்கு மேலே ஒன்று, கீழே கிராங்க் கேஸில் இன்னொன்று. கேஜ் காட்டுவது மேலே இருப்பதை மட்டும். கீழே கசிவதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை ஆர்எக்ஸ் 100களுக்கு வீணாக கார்புரேட்டர் மாற்றியிருக்கிறார்கள்! மேக்னட் பக்கத்து ஆயில் சீல் போனால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். ஐட்லிங் தானாக ஏறி 'ஊ' என்று நிற்கும், ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் அடங்காது. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். ஆர்டி 350ல் இவற்றோடு கிராங்கின் நடுவில் இரண்டு அறைகளையும் பிரிக்கும் சீலும் உண்டு. அது தேய்ந்தால் ஒரு சிலிண்டரின் மூச்சு இன்னொன்றில் கலக்கும், எந்தக் காலத்திலும் சின்க் நிற்காது. இதைச் சோதிக்க இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பரால் அடைத்து, கைப் பம்பால் ஆறு பிஎஸ்ஐ அளவு மட்டும் காற்றேற்றி அது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கிவிடும்.

கேஜில் முள் அதிகமாக ஏறுவதும் எப்போதும் ஆரோக்கியம் அல்ல. பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி கெட்டியாகப் படிந்தால் இடம் குறைந்து அழுத்தம் கூடும். டூ ஸ்ட்ரோக்கில் அதே கரி எக்ஸாஸ்ட் போர்ட்டையும் சைலன்சர் உள்குழாயையும் அடைக்கும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, கார்புரேட்டர் சுத்தமாக இருக்கிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்.

சின்க் செய்யும் முன்

கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் உடனே கார்புரேட்டருக்குப் போய்விட முடியாது. ஆர்டி 350ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் தனி பாயின்ட், தனி கண்டென்சர், தனி காயில். ஒரு பக்கத்து பாயின்ட் சற்று முன்னே பின்னே திறந்தால் அந்த சிலிண்டர் பலவீனமாகத்தான் தெரியும். அதனால் டைமிங்கை இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். எந்தப் பக்கம் மந்தம் என்று கண்டுபிடிக்க, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் இரண்டு எக்ஸாஸ்ட் பைப்பிலும் ஹெட்டுக்கு அருகில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். ஒரு பக்கம் சுர்ரென்று ஆவியாகும். மந்தமான பக்கம் வழிந்து ஓடும். பிறகு இரண்டு பிளக்கையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மந்தமும் கூடவே இடம் மாறினால் பிளக் மாற்றினால் போதும்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டு நம் வெயிலில் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், கையால் வளைத்தால் வெடிப்பு தெரியும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால், சத்தம் மாறுகிற இடத்தில் காற்று கசிகிறது. புல்லட்டில் இதே வேலையை ஃபிளாஞ்ச் பேக்கிங்கில் செய்து பார்க்கலாம். நட்டை அதிகமாக முறுக்கி முறுக்கி ஃபிளாஞ்ச் வளைந்திருந்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

கார்புரேட்டர்களைக் கழுவும்போது இரண்டிலும் மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா, நீடில் கிளிப் ஒரே பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடத்தில் பல கைகள் மாறிய வண்டியில் இடதில் ஒரு எண், வலதில் வேறு எண் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கிளட்ச் கேபிள் இழையால் ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்வதை தயவுசெய்து நிறுத்துங்கள். பித்தளை ஓட்டை பெரிதாகிவிட்டால் அது வேறு ஜெட். மிதவையின் உயரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லைடு தேய்ந்து கைக்குத் தடதடவென ஆடினால், அந்த இடைவெளியில் போகும் காற்றை எந்த ஸ்க்ரூவாலும் சரிக்கட்ட முடியாது.

இரண்டையும் சமப்படுத்துவது

ஆர்டி 350ல் கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் நடுவில் பிரிந்து, இரண்டு கார்புரேட்டருக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. அந்தப் பிரிவில் துருவும் மண்ணும் சேர்ந்தால் ஒரு ஸ்லைடு தாமதமாக ஏறும். கேபிள் சுகமாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஹேண்டில் பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பினால் ஐட்லிங் மாறக் கூடாது.

பிறகு ஏர் ஃபில்டர் குழாயை எடுத்துவிட்டு, ஸ்லைடைத் தாங்கி நிறுத்தும் இரண்டு ஸ்டாப் ஸ்க்ரூவையும் பின்னால் திருகி ஸ்லைடுகளை முழுவதும் கீழே உட்கார விடுங்கள். இரண்டு விரலை இரண்டு வாயிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை த்ராட்டிலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் அசையத் தொடங்க வேண்டும். கண்ணை விட விரலுக்கு இது நன்றாகத் தெரியும். முந்திக்கொள்ளும் பக்கத்தின் கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். முழுவதும் முறுக்கிய நிலையிலும் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகே ஸ்டாப் ஸ்க்ரூக்களைச் சம அளவு உள்ளே திருகி, ஏர் ஸ்க்ரூவை சர்வீஸ் புத்தகம் சொல்லும் சுற்றில் வைத்து, இன்ஜினைச் சூடாக்கி, இரண்டு சைலன்சரிலிருந்தும் வரும் காற்றைக் கைகளால் ஒப்பிட்டு நுணுக்கிக்கொள்ளலாம்.

இந்த வேலையை முடித்துவிட்டு ஆயில் பம்பு கேபிளைப் பார்க்காமல் விடுவது பெரிய ஆபத்து. கார்புரேட்டர் கேபிளை அசைத்தால் பம்பின் குறியும் நகர்ந்துவிடும். குறி பிந்தினால் ஆயில் குறைந்து, தேசிய நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பிஸ்டன் பிடிக்கும். பம்பின் குறியை மறுபடி ஒத்து வைத்த பிறகே வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர்களில் வேலை வேறு மாதிரி. அவற்றின் இன்டேக்கில் வேக்குவம் எடுக்கும் சின்னத் துளை இருக்கும். அங்கே கேஜ் மாட்டி இரண்டு பக்கத்து இழுப்பையும் ஒப்பிடலாம். கேஜ் இல்லாதவர்கள் நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் பலகையில் கட்டி, அடியில் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு சிலிண்டரில் மாட்டுவார்கள். எந்தப் பக்கம் ஆயில் ஏறுகிறதோ அந்தப் பக்கம் இழுப்பு அதிகம். குழாய் ஆளுயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்; வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஆயில் மொத்தமும் இன்ஜினுக்குள் போய்விடும். சரியாக மூடாத வால்வை வைத்துக்கொண்டு இதைச் செய்தால், முன்பு சொன்ன அதே பொய்யான சமநிலைதான் கிடைக்கும்.

சின்க் கோளாறா இல்லையா என்று ஓட்டும்போதே தெரிந்துகொள்ள ஒரு குறிப்பு. ஐட்லிங்கில் ஸ்லைடு திறந்திருப்பதே ஒரு மில்லிமீட்டர் போலத்தான். அங்கே கால் மில்லிமீட்டர் வித்தியாசம் மிகப் பெரியது. பாதி த்ராட்டிலில் அதே கால் மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. ஆகவே ஐட்லிங்கிலும், கிளட்ச் விட்டு நகரும்போதும் மட்டும் உதறினால் சின்க்கைச் சந்தேகிக்கலாம். காட்பாடி மேம்பாலத்தில் முழு த்ராட்டிலில் ஏறும்போது மூச்சு வாங்கினால் அது சின்க் அல்ல.

மலையும் புதிய பெட்ரோலும்

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். பதினான்கு வளைவும் ஏறி முடிக்கும்போது வேலூரைவிடக் காற்றழுத்தம் பத்து சதவீதம் போலக் குறைந்திருக்கும். பெட்ரோல் அதே அளவில் வரும், காற்று மெல்லியதாகும். ஐட்லிங் கனத்து, பிளக் கறுக்கும். மேலே போய் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு அப்படியே ஜோலார்பேட்டைக்கு இறங்கினால், கீழே கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். மலையில் ஒரு நாள் திணறினால் திணறட்டும், விட்டுவிடுங்கள். அங்கே அளந்த கம்ப்ரஷனையும் வேலூரில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். அதுவும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும்.

2023லிருந்து பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் பழைய வண்டிக்காரர்களை இப்போது அதிகம் படுத்துகிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5 போலப் போதும். ஜெட் மாற்றாத பழைய கார்புரேட்டரில் கலவை அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிவது அதனால். பழைய ரப்பர் வாஷர்களும் உப்பிப்போகும். நிறுத்தி வைப்பதற்கு முன் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்கலாமா என்றால், கம்ப்ரஷனும் சின்க்கும் சரியாக இருக்கும் வண்டியில், பிளக் நிறம் வெளுத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு செய்யலாம். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பிளக் நிறத்தைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. ஐட்லிங்கில் நிறுத்திவிட்டுக் கழற்றினால் எல்லாப் பிளக்கும் கறுப்புதான். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் டாப் கியரில் சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒரே காப்பி நிறத்தில் இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது.

கம்ப்ரஷன் உண்மையாகவே போய்விட்டது, போர் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், லேத்துக்குச் சிலிண்டரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மாட்டப்போகிற ஓவர் சைஸ் பிஸ்டனையும் கூடக் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். 0.25 அல்லது 0.50 போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள், அடுத்த முறைக்கு இரும்பு மிச்சம் இருக்கட்டும். ஆர்டியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஒரே அளவுக்கு எடுப்பதே நல்லது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் போர்ட் ஓரங்களின் கூர்மையை மழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புது ரிங் அதில் மாட்டி உடையும். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 70 மில்லிமீட்டர் புல்லட் சிலிண்டருக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். புது ரிங் சுவரோடு ஒட்டிப் பழகும் வரை முழு த்ராட்டில் கொடுக்காமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பழகிய பிறகு கம்ப்ரஷனை மறுபடி அளந்து, தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு கார்புரேட்டர்களின் சின்க்கை இன்னொரு முறை பாருங்கள். இழுப்பு மாறியிருப்பதால் பழைய அமைப்பு இனி பொருந்தாது.